இன்ஸ்பெக்டரிடம் தோற்ற சாவிக்காரர்

அதைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகளெல்லாம் கோபித்துக்கொள்ளும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிச்சமாகிப்போன ஒரு இடுக்கு, அவ்வளவுதான். அதற்கு ஒரு ஷட்டர், ஒரு மின்விசிறி. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. வாசலை ஒட்டிச் சாவி வெட்டும் மிஷின், மிஷினுக்குப் பின்னால் மனைவி. அவள் உட்கார்ந்த பிறகு உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமில்லை என்பதால் சாவிக்காரர் எப்போதும் வெளியே நிற்பார். இல்லாவிட்டால் யார் வீட்டுக் கதவையாவது திறக்கப் போயிருப்பார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே மாட்டிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? குப்பை போட வந்து இடுப்புத் துண்டோடு மாடிப்படியில் நின்ற வங்கி அதிகாரி. குளியலறைக்குள் சிக்கிக்கொண்டு, பயம் தெரியாமலிருக்கப் பாட்டாகப் பாடித் தள்ளிய பல் டாக்டர். சாவிக்காரர் போவார், பூட்டில் காதை வைப்பார், வளைந்த கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்புவார். கதவு திறந்ததும் துண்டுக்காரரைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கூலியை வாங்கிக்கொள்வார். யாரிடமும் மூச்சு விடமாட்டார். அதனால்தான் ஊருக்கே அவர்மேல் மரியாதை.

வெளியே அவர் திறக்காத கதவு கிடையாது. வீட்டில் வாயைத் திறக்கத்தான் வராது. ஏதாவது வேண்டும் என்று ஆசை வந்தால் கேட்கமாட்டார், கொண்டுவந்து வைத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார். இப்படித்தான் மீன் தொட்டி வந்தது. ஆமை வந்தது. அப்புறம் ஒரு ஜோடி முயல் வந்தது, அந்த ஜோடி ஜோடியோடு நிற்கவில்லை. தொட்டி கழுவியதும், ஆமையைக் கட்டிலடியில் தேடியதும், முயல் குட்டிகளுக்கு வீடு வீடாக வரன் பார்த்ததும் யார்? மனைவிதான். இவர் பாட்டுக்கு ஊரார் வீட்டுக் கதவைத் திறக்கப் போய்விடுவார்.

கடைசி முயல் குட்டியை ஆள் பார்த்துக் கொடுத்த அன்று அவள் சொல்லிவிட்டாள்: "இனிமே இந்த வீட்டுக்குள்ள நாலு கால்ல எது வந்தாலும், நான் ரெண்டு கால்ல வெளிய போயிடுவேன்."

கட்டிலுக்கும் நாலு கால்தானே என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டார்.

இந்த நிலையில்தான் நாய்கள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. ஊர்க்கோடியில் ஒரு பழைய கிடங்கு அது. உள்ளே வரிசையாகக் கம்பிவலைக் கதவு போட்ட அறைகள், கழுவிக் கழுவி வெளுத்த சிமெண்டுத் தரை, ஃபினாயில் வாசனை. வீடு மாறியவர்கள் விட்டுப்போனது, வண்டியில் அடிபட்டது, மழையில் வந்து ஒதுங்கியது என்று எல்லா நாயும் அங்கே உண்டு. நடத்துகிறவரை எல்லாரும் அக்கா என்பார்கள். ரப்பர் பூட்ஸும், இரண்டு பாக்கெட் நிறைய பிஸ்கட்டுமாக நடமாடுகிற மனுஷி.

"ஒரு நாய், எந்தத் தாழ்ப்பாள் போட்டாலும் திறந்துடுதுங்க. அது வெளிய வர்றது மட்டும் இல்ல, வரிசையா எல்லாக் கதவையும் திறந்து விட்டுட்டு வருது. காலைல நான் வந்தா ஆபீஸ் ரூம் நாற்காலி எல்லாத்துலயும் நாய் உக்காந்திருக்கு. நான் நிக்கறேன்."

"ஒரு பூட்டைத் தொங்கவிட்டுடலாமே?"

"ஐயோ, சாவியே வேண்டாம்! எத்தனை பூட்டு, எத்தனை சாவி தொலைச்சாச்சு! சாவி இல்லாம, கையால திறக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடுங்க."

அந்த நாய்க்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். பொட்டை நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, கேட்ட சேதியைப் பாதி நம்பிப் பாதி நம்பாத முகம். ஓடிப்போகிற புத்தி அதற்குக் கிடையாது. கதவையெல்லாம் திறந்து, எந்த அறையில் ஆள் இருக்கிறதோ அங்கே போய்க் காலடியில் உட்கார்ந்துகொள்ளும். அது தெரியாமல் அதைத் தத்தெடுத்த மூன்று குடும்பங்களும், "ஃபிரிட்ஜையும் திறக்குதுங்க" என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

சாவிக்காரர் கையோடு கொண்டுபோன தாழ்ப்பாளை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு மூக்கு வந்தது. ஒரு தட்டு. கதவு திறந்தது. வெளியே வந்த இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, அவருடைய பையை மோந்து, செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஸ்பிரிங் வைத்த கொண்டி கொண்டுபோனார். அதைப் பல்லால் பிடித்து இழுத்தது. அதற்கு மறுநாள் நாதாங்கியைத் தூக்கித் திருப்புகிற மாதிரி செய்துகொண்டு போனார். நாய் காலால் தூக்கி, மூக்கால் திருப்பி, வெளியே வந்து வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது. சாவிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாய் அதையும் நக்கிவிட்டது. அவ்வளவுதான், மனுஷன் தீர்ந்தார்!

அன்றைக்குத்தான் அக்கா அந்தச் சந்தோஷச் செய்தியைச் சொன்னார். "இவளைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்குங்க. நல்ல ஜனங்க. வீடு மெயின் ரோட்டு மேல இருக்கறதால, இவ திறக்க முடியாத தாழ்ப்பாள் ஒண்ணு கிடைச்சாத்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். நீங்க ஒண்ணு பண்ணி ஜெயிச்சுட்டீங்கன்னா அவங்க கேட்டுலயும் அதையே மாட்டிடலாம்."

"அப்படியா... ரொம்ப சந்தோஷம்," என்றார் சாவிக்காரர், கப்பல் கவிழ்ந்த முகத்தோடு. கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தத்தெடுக்கறதுக்கு என்னென்ன வேணுங்க? சும்மா கேக்கறேன்," என்றார்.

"வீட்ல இருக்கற எல்லாரும் நேர்ல வரணும். நாயோட பழகணும். ஒவ்வொருத்தரும் அவங்க வாயால சம்மதம்னு சொல்லணும். அப்புறம் நான் வீட்டை வந்து பாப்பேன். ஏன், உங்களுக்கு...?"

"சேச்சே, எனக்கென்ன."

அன்றிலிருந்து ஆரம்பித்தது அவருடைய திருட்டுத்தனம். வாழ்க்கையில் முதல்முறையாக மனுஷன் வேண்டுமென்றே மட்டமான தாழ்ப்பாள் செய்தார். பார்க்க அரண்மனைக் கதவுக்குப் போடுகிற மாதிரி இருக்கும். பித்தளை மின்னும், சங்கிலி தொங்கும், தேவையே இல்லாமல் ஒரு சக்கரம் சுற்றும். ஆனால் ஸ்க்ரூவைக் கை விரலால் திருகியதோடு விட்டிருப்பார். இன்ஸ்பெக்டர் தும்மினாலே கழன்று விழும். "அடடா, இதையும் திறந்துட்டாளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நாயோடு வளாகத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். அக்கா பாவம், "எப்பேர்ப்பட்ட புத்திசாலி!" என்று வியந்து போனார். இன்ஸ்பெக்டருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். இத்தனை சுலபமாகவா இருக்கும் தொழில்?

ஊர் வாய் சும்மா இருக்குமா? இஸ்திரிக் கடைக்காரர் மனைவி மாற்றுச் சாவி வெட்ட வந்தவள், மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டாள்: "ஏங்க, உங்க வீட்டுக்காரரை ஒரு நாய் தினம் தோக்கடிக்குதாமே? எங்க வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கலாம்னு இருந்தோம். இவரு சொல்றாரு, நாயே திறக்குதுன்னா திருடன் திறக்க எவ்வளவு நேரமாகும்னு."

மிஷின் நின்றது. மனைவி சாவியை ஊதிக் கொடுத்தாள். சாயங்காலம் அவர் வந்து சேர்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"காப்பகத்துல நடக்கறது என்ன?"

"வேலைதான். கொஞ்சம் சிக்கலான வேலை."

"பேண்ட்டெல்லாம் முடி."

"காத்துல வந்து ஒட்டியிருக்கும்."

"காத்து காலை நக்குமா? ஈரமா இருக்கு." அவள் எழுந்து நின்றாள். "நம்ம மானம் கப்பலேறுது. எங்க அப்பா கடையில பூட்டு செஞ்சு பழகின கை இது. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். அந்த நாயா நானான்னு ஒரு கை பாக்கறேன்."

கேட்டதும் அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் மனைவி பூட்டு செய்தாள். அவள் அரம் பிடிக்கிற அழகைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் அவர் கல்யாணத்துக்கே தலையாட்டினார். பகட்டே கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டி. கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். கதவு மூடியதும் ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணுக்குத் தெரியாது. பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பூட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார். "சாவி வேண்டாம்னு சொல்லியிருந்தேனே..."

"சாவி இல்லாதது என்ன பூட்டுங்க? சாவி என் பொறுப்பு. என் கையால வெட்டின சாவி ஒண்ணுகூட இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல," என்று சொல்லிக்கொண்டே மனைவி பழைய தாழ்ப்பாளைக் கழற்றினாள். அது ஸ்க்ரூடிரைவர் படுவதற்கு முன்பே கையோடு வந்துவிட்டது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு புதுப் பூட்டைப் பொருத்தத் தொடங்கினாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. கை சும்மா இருந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறதே என்று, கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாக விடுகிற நிலையிலா இருந்தார்? டப்பாவையே கவிழ்த்தார். பிறகு, "உள்ள இருந்து எப்படி இருக்குன்னு பாக்கறேன்," என்று நாயோடு உள்ளே போனார். உண்மையில் அவர் போனது விடைபெற்றுக்கொள்ள. மண்டியிட்டு அந்த மடிந்த காதை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்தார்.

மனைவி கதவைச் சாத்தினாள். க்ளிக்.

இன்ஸ்பெக்டர் வேலையைத் தொடங்கியது. மூக்கால் தட்டியது. பல்லால் இழுத்தது. காலால் பிறாண்டியது. பிறகு எழுந்து நின்று முழு உடம்போடு கதவில் சாய்ந்தது. கறுப்புப் பெட்டி அசையவில்லை. நாய் கீழே உட்கார்ந்து, வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியைத் தலைசாய்த்து வெகுநேரம் பார்த்தது. இப்படி ஒரு ஆளை அது சந்தித்ததே இல்லை. அப்புறம் சாவிக்காரர் பக்கம் திரும்பி, நீயாவது திறயேன் என்பதுபோல் அவர் கையை முட்டியது.

"ஜெயிச்சுட்டீங்க!" என்று அக்கா கைதட்டினார். அந்த நேரம் பார்த்து அந்தக் குடும்பமும் வந்து நின்றது. அப்பா, அம்மா, மஞ்சள் குடை வைத்திருந்த ஒரு சின்னப் பெண். அவள் வலைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். "அம்மா, அந்த மாமாவையும் சேத்துக் குடுப்பாங்களா?"

சாவிக்காரர் அசடு வழியச் சிரித்தார். "திறம்மா," என்றார் மனைவியிடம்.

"எதுக்கு?"

"வெளிய வரணும்ல."

"யாரு வரணும்? நீங்களா, அவளா?" அவள் கைப்பையிலிருந்து அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "இதுல ஒரு ஸ்க்ரூவாவது இறுக்கியிருக்கீங்களா? எத்தனை வருஷத் தொழில்! தூக்கத்துல செஞ்சாக்கூட இப்படி வராது உங்க கைக்கு. என்னன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நானும் திறக்க மாட்டேன்."

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. சுற்றிலும் கம்பி. வெளியே அக்கா, குடும்பம், குடை. அக்கம்பக்கத்து நாய்களெல்லாம்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டன.

"எனக்கு இவ வேணும்," என்றார் சாவிக்காரர்.

சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஒரு வார்த்தை வந்த பிறகு மற்றதெல்லாம் வரிசையில் நின்றது போல வந்துகொண்டே இருந்தது. "வேணும்னுதான் தோத்தேன். இவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்களேன்னு தோத்தேன். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் 'அப்பாடா, வந்துட்டாரு'ன்னுதான் சொல்றாங்க. அது கதவுக்காக. கதவு திறந்ததும் என்னை யாரும் பாக்கறதில்ல, நானும் பாக்கறதில்ல. இவ என்னைப் பாத்துச் சந்தோஷப்படறா. எனக்காகவே."

"அப்ப நான்?"

"நீ மிஷினைப் பாத்துட்டிருக்க."

அக்கா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீன் வேணும்னு கேட்டீங்களா? ஆமை வேணும்னு கேட்டீங்களா? கொண்டாந்து வச்சுட்டு முழிச்சீங்க. எனக்கு முயல் மேலயா கோபம்? என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதான் கோபம். எனக்கு இது வேணும்னு நீங்க சொல்லி இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன்."

"இப்ப கேக்கறேன்," என்றார் அவர். "கூட்டிட்டுப் போலாமா?"

"போலாம்."

அக்கா மறுபடி கைதட்டினார். மஞ்சள் குடைக்காரியின் அம்மா, "எங்களுக்கும் பரவால்லைங்க, இங்க பாருங்க," என்று காட்டினாள். சின்னப் பெண் அடுத்த அறை வாசலில் உட்கார்ந்து, தும்மல் என்ற கிழட்டு நாயோடு போட்டி போட்டுத் தும்மிக்கொண்டிருந்தாள். அது தாழ்ப்பாளே இல்லாமல் வைத்தாலும் எழுந்து போகாத நாய். இரண்டு குடும்பமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாம் கூடிவந்தது.

"சரி, வாங்க," என்று மனைவி கைப்பைக்குள் கையை விட்டாள். விட்ட கை வெளியே வரவில்லை. பையை அக்காவின் நாற்காலியில் கொட்டினாள். சீப்பு, கண்ணாடிக் கூடு, பித்தளைத் தாழ்ப்பாள். அவ்வளவுதான்.

"ஆணியில மாட்டிட்டேன்," என்றாள் ஈனஸ்வரத்தில். எந்தச் சாவியை வெட்டினாலும் ஊதித் துடைத்துச் சுவர் ஆணியில் மாட்டுவது அவள் கைப்பழக்கம். இதையும் மாட்டிவிட்டு, பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சாவியே வேண்டாம்னு சொன்னேனே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி, கணவர் வெளியே வைத்திருந்த பையிலிருந்து வளைந்த கம்பியை எடுத்து உட்கார்ந்தாள். நெம்பினாள், திருப்பினாள், பூட்டில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து சாவிக்காரர், "இடது பக்கம், இடது பக்கம்," என்றார். "சும்மா இருங்க. வேற யார் செஞ்ச பூட்டா இருந்தாலும் இந்நேரம் திறந்திருப்பேன். இது நான் செஞ்சது," என்று பல்லைக் கடித்தாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் இருந்ததை மறைக்க முடியவில்லை.

இந்தக் கூத்தில் இன்ஸ்பெக்டரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது கதவின் அந்த ஓரத்துக்குப் போயிருந்தது. பூட்டு இருக்கிற பக்கம் இல்லை, கீல் இருக்கிற பக்கம். அங்கே அதன் மூக்கு உயரத்தில், எண்ணெயில் குளித்து மினுமினுத்துக்கொண்டிருந்தது கீல் ஆணியின் தலை. இன்ஸ்பெக்டர் அதைப் பல்லால் கவ்வி மேலே இழுத்தது. ஆணி வழுக்கிக்கொண்டு கையோடு, இல்லை, வாயோடு வந்தது. கதவின் அடிப்பக்கம் லொடக்கென்று விலகியது. பூட்டு பூட்டினபடியே இருக்க, நாய் அந்த இடைவெளியில் நெளிந்து வெளியே வந்து, ஆணியை மனைவியின் மடியில் போட்டுவிட்டு அவள் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நிமிஷம் அதே இடைவெளி வழியாக, நாலு காலில், சாவிக்காரர் வந்தார்.

"நாலு கால்ல வந்தா நான் வெளிய போயிடுவேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் மனைவி. அதற்குமேல் சொல்ல முடியாமல் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அவர் முதுகைத் தட்டினார். நாய் அவள் முகத்தை நக்கியது.

அக்கா மட்டும் தயங்கினார். "யோசிச்சுச் சொல்லுங்க. எதைப் போட்டாலும் திறக்கறா. மறுபடி கொண்டாந்து விட்டுடக் கூடாது."

மனைவி நாயின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்ல எல்லாரும் திறக்கறவங்கதாங்க. அவளும் வந்து திறக்கட்டும்."

மறுநாள் அக்கா வீட்டைப் பார்க்க வந்தபோது இன்னொரு வெட்கக்கேடு நடந்தது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, ஒரு செங்கல்தான் முட்டுக்கொடுத்திருந்தது. குளியலறைக் கதவைக் கயிற்றால் கட்டுவார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இவளுக்குத் திறக்கறதுக்கு இங்க என்ன இருக்கு?" என்று சிரித்தார். தெருக்கதவுக்கு மட்டும், ஆணி கழற்ற முடியாத கீலோடு, இருவரும் சேர்ந்து ஒரு தாழ்ப்பாள் செய்து மாட்டினார்கள். ஸ்க்ரூவெல்லாம் இறுக்கித்தான்.

இப்போது அந்த இடுக்குக் கடையில் மிஷினுக்குப் பின்னால் மனைவி, மிஷினுக்கு அடியில் இன்ஸ்பெக்டர். இஸ்திரிக் கடைக்காரர் மனைவி வந்து நாயைப் பார்த்து, "இதுவா அது?" என்று கேட்டுவிட்டு, அது திறக்காத பூட்டாகப் பார்த்து ஒன்று வாங்கிப் போனாள். காப்பகத்துக் கறுப்புப் பூட்டின் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

போன சனிக்கிழமை சாயங்காலம் சாவிக்காரர் கடை வாசலில் நின்று செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி தலை நிமிராமல், "என்ன?" என்றாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"இன்னொரு நாயா?"

"இல்ல. நாளைக்குக் கடையைச் சாத்திட்டு, நாம மூணு பேரும் எங்கயாவது நடந்துட்டு வரலாமா? எனக்கு... ஆசையா இருக்கு."

மனைவி மிஷினை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நாளைக்கு என்ன, இப்பவே போலாம்," என்று எழுந்து ஷட்டரைப் பிடித்து இழுத்தாள்.